ஹோப்பும் ஹொப்பும்: பாம் ஷெல்டர் கதவில் ஒரு மாத எழுத்துக்கூட்டல் வேலை

மகள் தன் பிறந்தநாளுக்குத் தோழிகளைக் கூப்பிட அட்டை எழுதிக்கொண்டிருந்தாள். கேக் வெட்டுவது எங்கள் புளோக் கீழ்த்தளத்தில், சனிக்கிழமை மாலை. நேரம், இடம் எல்லாம் சரியாக இருந்தது. கடைசி வரியில் "நீ வருவாய் என்று நம்புகிறேன்" என்று ஆங்கிலத்தில் எழுத நினைத்தவள், ஹோப்பிங் என்ற சொல்லுக்கு இரண்டு பி போட்டுவிட்டாள். அது ஹொப்பிங் ஆகிவிட்டது. அதாவது, "நீ வருவாய் என்று நொண்டியடிக்கிறேன்." பதினான்கு அட்டையிலும் அதே வரி.

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "ஸ்டொப்பிங்குக்கு ரெண்டு பி இருக்குல்லப்பா? இதுக்கு ஏன் ஒண்ணு?" என்றாள். நியாயமான கேள்வி. "அது அப்படித்தான்" என்று சொல்லிவிட்டேன். நான் படித்த காலத்தில் எனக்கும் அதே பதில்தான் கிடைத்தது. அதனால்தானோ என்னவோ, ரைட்டிங் என்பதற்கு நானே பல வருஷம் இரண்டு டி போட்டு எழுதினவன்.

(ஒரு சின்ன விஷயம். ஸ்டாப், ஹாப் என்று எழுதாமல் ஸ்டொப், ஹொப் என்று எழுதுகிறேன். சிங்கப்பூரில் நாங்கள் பேசுவது அப்படித்தான். இந்தப் பதிவு முழுக்கக் குறில், நெடிலைப் பற்றியது. ஆகாரம் போட்டு எழுதினால் சொல்ல வந்ததே கெட்டுவிடும்.)

அவள் தொடக்கநிலை 3. இங்கே 2019 முதல் தொடக்கநிலை 1, 2 பிள்ளைகளுக்குத் தேர்வு கிடையாது. அது நல்லதுதான், எனக்கு அதில் குறை இல்லை. ஆனால் பெற்றோர் கொஞ்சம் அசந்து இருந்துவிடுகிறோம். மூன்றாம் வகுப்பில் முதல் மதிப்பீட்டுத் தாள் வீட்டுக்கு வரும்போதுதான் சிவப்பு மை கண்ணில் படுகிறது. அந்த வார இறுதியில் அவளுடைய கட்டுரை நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு தப்புகளை எண்ணினேன். மொத்தம் 47 எழுத்துப்பிழை. அதில் 31 சொல்லின் வாலில். தலையிலும் நடுவிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. எலிஃபென்ட், பியூட்டிஃபுல் எல்லாம் பிசகாமல் எழுதுகிறவள், கமிங் என்பதற்கு இரண்டு எம் போடுகிறாள், ஸ்டொப்ட் என்பதற்கு ஒரே பி, பேபி பன்மையானால் ஒய் அப்படியே நிற்க பக்கத்தில் ஒரு எஸ்.

சரி, வால்தான் பிரச்சினை என்றால் வாலை மட்டும் பிடிப்போம் என்று இறங்கினேன்.

முதல் முயற்சியைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். வெள்ளைப்பலகையில் ஏழு விதிகளை எழுதி, ஞாயிறு காலை ஒன்றரை மணிநேரம் பாடம் எடுத்தேன். மறுநாள் அவள் ஈட்டிங்குக்கு இரண்டு டி, ஓபனிங்குக்கு இரண்டு என், ஜம்பிங்குக்கு இரண்டு பி. எதைப் பார்த்தாலும் இரட்டித்தாள். ஏழு விதியில் 'இரட்டிக்கணும்' என்ற ஒரு சொல் மட்டும்தான் மண்டையில் தங்கியிருந்தது.

இரண்டாவது, அட்டைகள். அடிச்சொல் தனியாக, விகுதி தனியாக வெட்டி, வேலையிடத்தில் லேமினேட் போட்டுக் கொண்டுவந்தேன். பார்க்க அழகாக இருந்தன. மேசையில் காற்றாடி போட்டால் பறந்தன. போடாவிட்டால் பிள்ளைக்கு வியர்த்தது. தம்பி தொடக்கநிலை 1. அவன் அதில் பாதியைச் சோபாவுக்கு அடியில் கடத்திவிட்டான். லேமினேட் போட்டதை மடிக்கவும் முடியாது. மடிக்க வேண்டிய தேவை இருக்கிறது என்பதே எனக்கு அப்போது தெரியாது, அது வேறு கதை.

விஷயம் பிடிபட்டது என் அம்மாவால். புதுக்கோட்டையிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். ஒருநாள் சாயங்காலம் வாசலில் நின்றுகொண்டு, "ஏத்தா, பெல்லு அடிக்குது பாரு. அப்பா போனு எங்க? பஸ்ஸு வந்துருச்சாம்லடி, காருல போகலையாம்" என்று ஒரே மூச்சில் சொல்ல, மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்பத்தா எல்லாத்துக்கும் உ போடுறாங்க" என்று அவரைப் போலவே பேசிக் காட்டினாள். பெல்லு, போனு, பஸ்ஸு, காரு, பின்னு, ரயிலு.

அவள் சொல்லச் சொல்லத்தான் எனக்கு உறைத்தது. பெல் பெல்லு ஆகிறது, பின் பின்னு ஆகிறது, பஸ் பஸ்ஸு ஆகிறது. ஆனால் போன் போன்னு ஆகவில்லை. போனு. கார் கார்ரு ஆகவில்லை. காரு. அம்மா ஐந்தாவதோடு பள்ளியை நிறுத்தியவர். எந்த விதியும் படித்ததில்லை. ஒருமுறைகூடத் தப்பவில்லை.

இது நன்னூலில் இருக்கிறது. பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தது: "தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்." கல் என்பதோடு இல் சேர்ந்தால் கல்லில். கால் என்பதோடு இல் சேர்ந்தால் காலில். பல்லில், பாலில். தனியாக ஒரு குறில், அதன்பின் ஒரு மெய், அதன்பின் உயிர் வந்தால் அந்த மெய் இரட்டிக்கும். நெடில் என்றால் இரட்டிக்காது. இப்போது ஹொப், ஹோப் இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். ஹொப் குறில், அதோடு இங் சேர்ந்தால் இரண்டு பி. ஹோப் நெடில், ஒரே பி. ரன்னிங், ஸ்விம்மிங், சிட்டிங், எல்லாம் கல்லில் ஜாதி. ரீடிங், ரெயினிங் எல்லாம் காலில் ஜாதி.

"பாப்பா, பல் கூட இல் சேர்த்துச் சொல்லு" என்றேன். "பல்லில்." "பால்?" "பாலில்." "ஏன் பால்லில் இல்லை?" ஒரு நொடி யோசித்துவிட்டு, "நல்லா இல்லப்பா, கேக்கவே" என்றாள். அந்த 'கேட்கவே நல்லா இல்லை' என்பதைத்தான் நான் வெள்ளைப்பலகையில் ஒன்றரை மணிநேரம் தேடிக்கொண்டிருந்தேன்.

அன்று இரவே மூன்றாவது வடிவத்தைச் செய்தேன். பறக்காமல் இருக்கக் காந்தம் வேண்டும். குளிர்பெட்டிக் கதவு சின்னது, அதில் ஏற்கனவே பில்லும் பள்ளி அட்டவணையும் தொங்குகின்றன. எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பெரிய இரும்புப் பரப்பு என்றால் பாம் ஷெல்டர், அதாவது குண்டுவீச்சின்போது ஒதுங்குவதற்கான அறையின் கதவுதான். 1990-களின் கடைசியிலிருந்து கட்டிய பெரும்பாலான வீடுகளில் இந்தத் தடித்த எஃகுக் கதவு இருக்கும். எங்களுக்கு அது அரிசி மூட்டை, சூட்கேஸ் வைக்கும் அறை. கதவில் துளை போடக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது. காந்தம் ஒட்டினால் கதவுக்கு ஒன்றும் ஆகாது. வரவேற்பறையிலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும். இதைவிட நல்ல கரும்பலகை கிடைக்காது.

வாங்கியது: முதுகில் பசை உள்ள காந்தத் தாள் மூன்று, தடித்த வெள்ளை அட்டை ஒரு கட்டு, இளஞ்சிவப்பும் நீலமுமாக இரண்டு மார்க்கர். எட்டு வெள்ளிக்குள் முடிந்தது. அட்டையை ஐந்து சென்டிமீட்டர் உயரப் பட்டைகளாக வெட்டினேன். உயிரெழுத்து எல்லாம் இளஞ்சிவப்பு, மெய்யெழுத்து எல்லாம் நீலம். வவல், கொன்சனன்ட் என்ற பெயர்களை நான் உச்சரிக்கவே இல்லை. அவளுக்கு முதலாம் வகுப்பிலிருந்தே உயிரும் மெய்யும் தெரியும். பள்ளியில் ஆங்கில ஆசிரியர் வவல் என்றால் இவள் மனதில் உயிரெழுத்து என்று மாற்றிக்கொள்ளட்டும். (ஒய் மட்டும் பாதி சிவப்பு, பாதி நீலம். அது ஏன் என்று பிறகு வருகிறது.)

ஒரு சொல்லைச் செய்வதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், செய்ய நினைப்பவர்களுக்கு உதவும். ஹோப் என்ற சொல்லை எச், ஓ, பி, இ என்று நான்கு கட்டமாக ஒரே பட்டையில் எழுதினேன். காந்தத்தை முதல் மூன்று கட்டத்துக்குப் பின்னால் மட்டும் ஒட்டினேன். கடைசிக் கட்டமான இ-க்குப் பின்னால் காந்தம் இல்லை. பி-க்கும் இ-க்கும் நடுவே மழுங்கிய கத்தியால் ஒரு கோடு கிழித்தால் அந்த இ பின்பக்கமாக மடங்கும். இங் என்ற பட்டையைக் கொண்டுவந்து சேர்க்கும்போது, அதன் முதல் எழுத்து இளஞ்சிவப்பு; உயிர் வருகிறது. உடனே இ பின்னால் ஓடி ஒளிய வேண்டும். ஃபுல் என்ற பட்டையைக் கொண்டுவந்தால் அதன் முதல் எழுத்து நீலம், மெய். இ இருந்த இடத்திலேயே இருக்கலாம். ஹோப்பிங்கில் இ இல்லை, ஹோப்ஃபுல்லில் இ இருக்கிறது.

இதற்கும் தமிழில் ஆள் இருக்கிறது. காசு, இல்லை என்ற இரண்டும் சேர்ந்தால் காசில்லை. காசு, கள் சேர்ந்தால் காசுகள். கடைசியில் நிற்கும் அந்த அரை மாத்திரை உகரம், உயிர் வந்தால் காணாமல் போகும், மெய் வந்தால் அசையாது. "உயிர்வரின் உக்குறள் மெய்விட்டு ஓடும்" என்று அதையும் நன்னூல் சொல்கிறது. ஆங்கிலத்தின் ஊமை இ-யும் ஒருவகைக் குற்றியலுகரம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அது பிறவி ஊமை இல்லை. நேம் என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் நம என்பதுபோல இரண்டு அசையாக ஒலித்தது. அப்புறம் அந்த வால் ஒலி தேய்ந்து தேய்ந்து, எழுத்து மட்டும் மிஞ்சியது. மிஞ்சியதற்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள்: முன்னால் இருக்கும் உயிரை நெடிலாக்கு.

மகளுக்கு இந்தச் சரித்திரம் வேண்டியிருக்கவில்லை. இ மடங்கி ஓடுவது பிடித்திருந்தது. "ஓடு ஓடு, உயிர் வருது" என்று அவளே வசனம் போட்டுக்கொண்டாள். தம்பியும் கூடச் சேர்ந்து கத்தினான். முதல் வாரம் முழுக்க இந்த ஒரு வேலைதான். ரைட், பேக், ஸ்மைல், டான்ஸ், ரைட் (சவாரி செய்கிற ரைட்) என்று பன்னிரண்டு மடக்குப் பட்டைகள்.

இரட்டிப்பவற்றுக்கு வேறு ஏற்பாடு. ஹொப் என்ற பட்டையில் மூன்றே கட்டம். பக்கத்தில் உதிரி எழுத்துகள்: பி, டி, என், எம், ஜி எனச் சதுரங்கள். இங் வந்தால் நடுவே ஒரு பி-யைச் சொருக வேண்டும். சொருகவில்லை என்றால் என்ன ஆகும்? உயிருக்கும் உயிருக்கும் நடுவே ஒரே ஒரு மெய்தான் காவலுக்கு நிற்கும். அந்தப் பக்கத்து ஐ, இந்தப் பக்கத்து ஓ-வைத் தொட்டு நெடிலாக்கிவிடும். இரண்டு காவலாளி நின்றால் தொட முடியாது. "டபுள் செக்யூரிட்டி" என்று பெயர் வைத்தாள். அந்தப் பெயர் பிறகு பல இடத்தில் உதவியது. மிடில் என்ற சொல்லில் இரண்டு டி, டேபிள் என்ற சொல்லில் ஒரே பி, அதே காரணம். பேக் (முதுகு) என்றால் சி, கே என இருவர் காவல், பேக் (கேக் சுடும் பேக்) என்றால் கே மட்டும் நின்று இ கடைசியில். கேட்ச் என்பதில் டி, கோச் என்பதில் டி இல்லை. பெல், மிஸ், ஒஃப் எல்லாவற்றிலும் கடைசி எழுத்து இரண்டு. மச், சச், ரிச், விச் நான்கும் விலக்கு. இவற்றில் டி வராது. அதைத் தாளம் போட்டு மனப்பாடம் செய்தாள்.

இதுவரை படித்தவர்கள், ஆங்கிலமும் தமிழும் அண்ணன் தம்பி என்று நான் சொல்லப்போவதாக நினைக்கலாம். இல்லை. இரண்டாம் வாரம் புதன்கிழமையே தமிழ்க் காது காலை வாரிவிட்டது.

லுக் என்ற சொல்லைக் கொடுத்தேன். அவள் சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். லுக். குறில். தனிக்குறில். இங் சேர்த்து இரண்டு கே சொருகினாள். முகத்தில் அவ்வளவு நம்பிக்கை. தமிழ்ப்படி அது நூற்றுக்கு நூறு சரி. ஆங்கிலத்தில் தப்பு. ஏனென்றால் லுக் என்ற சொல்லில் ஒலி குறிலாக இருந்தாலும் எழுத்தில் இரண்டு ஓ நிற்கின்றன. குக், புக், ஹெட் எல்லாம் இதே மாதிரி ஏமாற்றுக்காரர்கள். தமிழில் எழுத்தும் ஒலியும் ஒன்று. குறில் என்று காது சொன்னால் கண்ணும் அதையே சொல்லும். ஆங்கிலத்தில் காதைக் கேட்டுவிட்டு, கண்ணையும் ஒருதரம் விசாரிக்க வேண்டும். ஆகவே புது வழக்கம்: கடைசி மூன்று எழுத்தின் நிறத்தைப் பார். நீலம், சிவப்பு, நீலம் என்று இருந்தால்தான் இரட்டிக்கும். சிவப்பு, சிவப்பு, நீலம் என்றால் இல்லை. சிவப்பு, நீலம், நீலம் என்றாலும் இல்லை. ஜம்பில் ஏற்கனவே இரண்டு காவலாளி. நிறம் அடித்ததன் முழுப் பலன் அன்றுதான் தெரிந்தது.

கமிங் அதைவிட மோசம். கம் என்று காது குறில் சொல்கிறது. கடைசியில் இ இருக்கிறது, ஆனால் அது எந்த உயிரையும் நெடிலாக்கவில்லை. கிவ், ஹேவ், லவ் மூன்றிலும் இப்படித்தான். இவற்றில் இ நிற்பதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. கையெழுத்துப் பிரதிகளின் காலத்தில் யு-வும் வி-யும் ஒரே எழுத்தாக இருந்தன. சொல்லின் கடைசியில் வந்தால் எது எது என்று குழப்பம், அதனால் பின்னால் ஒரு இ-யை நிறுத்திவைத்தார்கள். இன்றும் ஆங்கிலச் சொல் எதுவும் வெறும் வி-யில் முடியப் பிரியப்படுவதில்லை. சொல் க், ச், ட், த், ப் என்று வல்லின மெய்யில் முடிந்தால் நமக்கும் ஒரு உ வேண்டியிருக்கிறதல்லவா, அதுபோல.

கமிங்கை மகள் ஐந்து தடவை தப்பாக எழுதினாள். கடைசியில் உதவியது நாங்கள் கதவில் பெரிதாக எழுதி ஒட்டிய ஒரு வரி: இ ஓடினால் இரட்டை இல்லை. ஒரு சொல்லுக்கு ஒரு வேலைதான் நடக்கும். ஒன்று இ மடங்கும், அல்லது மெய் இரட்டிக்கும். இரண்டும் ஒரே சொல்லில் நடக்காது. சொல்லைப் பார்த்ததும் முதலில் கடைசி எழுத்து இ-யா என்று பார். ஆம் என்றால் உதிரிச் சதுரங்கள் பக்கம் கையே போகக்கூடாது. ரைட்டிங்குக்கு இரண்டு டி போடும் என் சொந்த வியாதியும் இந்த ஒரு வரியில் குணமானது. எனக்கு அந்த வியாதி எங்கிருந்து வந்தது என்பதும் இப்போது தெரிகிறது. தமிழில் ரைட்டிங் என்று எழுதும்போது ட்டி என்று இரண்டு போட்டே ஆகவேண்டும், இல்லாவிட்டால் ரைடிங் என்று வாசித்துவிடுவோம்.

இரட்டிக்க மறுக்கும் எழுத்துகளும் இருக்கின்றன. ஸ்னோ, ஃபிக்ஸ், ப்ளே: டபிள்யு, எக்ஸ், ஒய் மூன்றும் இரட்டிக்காது. தமிழில் ர், ழ் இரண்டும் இரட்டிக்காது. ஆனால் தமிழில் ய் தாராளமாக இரட்டிக்கும், நெய்யில் என்கிறோம். இதைச் சொன்னதும் மகள், "அப்போ நம்ம ய் ஸ்ட்ராங்" என்றாள்.

ஒய் விதிக்கு ஒரு மாலை போதுமாக இருந்தது. ஒய்-க்கு முன்னால் நீலம் இருந்தால் ஒய் ஐ ஆகும்: பேபீஸ், க்ரைட், ஹாப்பியர். முன்னால் சிவப்பு இருந்தால் அசையாது: மங்கீஸ், ப்ளேட் (விளையாடிய ப்ளேட்). இங் வந்தால் மட்டும் எப்போதும் அசையாது, ஏனென்றால் ஐ-யும் ஐ-யும் பக்கத்தில் நிற்பது ஆங்கிலத்துக்கு ஆகாது. நமக்கும் இரண்டு உயிர் பக்கத்தில் நிற்பது ஆகாது. மணி அடித்தது மணியடித்தது ஆகிறது, நடுவே ஒரு ய் வந்து சமாதானம் செய்கிறது. கேரியிங்கில் நடுவே நிற்கும் ஒய்யும் அதே வேலையைத்தான் பார்க்கிறது என்றேன். அதனால்தான் பாதி சிவப்பு, பாதி நீலம். டாக்ஸி போன்ற சில சொற்கள் இதை மதிப்பதில்லை. சாங்கியில் விமானம் ஓடுபாதைக்கு மெதுவாக நகர்வதைச் சொல்லும் டாக்ஸியிங்கில் இரண்டு ஐ பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அதை யாரும் தொடக்கநிலை 3-இல் கேட்கப்போவதில்லை.

பஸ் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பத்தாவின் பஸ்ஸு மகள் மனதில் அப்படியே நின்றுவிட்டது. பஸ் பன்மையானால் நீலம், சிவப்பு, நீலம், பின்னால் உயிர். இரண்டு எஸ் என்று சொருகினாள். விதிப்படி அவள் செய்தது சரி. ஆனால் வழக்கத்தில் ஒரே எஸ்தான். பஸ் என்பது ஒம்னிபஸ் என்ற நீளமான சொல்லின் நறுக்கிய வால், அதனால் அது வாலுக்குரிய சட்டத்துக்குக் கட்டுப்படவில்லை என்று சமாளித்தேன். "அப்பத்தாதான் கரெக்ட், இங்கிலீஷ்தான் ராங்" என்று முடிவுசெய்தாள். அதை நான் மறுக்கவில்லை.

மூன்றாம் வாரம் எட் விகுதி. இங்கே சிக்கல் எழுத்தில் இல்லை, வாயில். எங்கள் சிங்கப்பூர்ப் பேச்சில் அந்த விகுதியே பாதி நேரம் காணாமல் போகிறது. "யெஸ்டர்டே ஐ வாக் தேர்", "ஐ ஃபினிஷ் ஆல்ரெடி." ஆல்ரெடி ஒன்றே இறந்தகாலத்தைத் தூக்கிச் சுமக்கும்போது எட் எதற்கு? காதில் விழாத வாலைக் குழந்தை எப்படி எழுதும்? விழுந்தாலும் மூன்று விதமாக விழுகிறது. ஜம்ப்ட் என்பதில் ட் போல, ப்ளேட் என்பதில் மெல்லிய ட் போல, வான்டட் என்பதில் தனி அசையாக. அவள் நோட்டில் ஜம்ப்ட்டுக்குக் கடைசியில் வெறும் டி எழுதியது சோம்பலால் அல்ல, கேட்டதை நேர்மையாக எழுதியதால். இதற்கு விதி எதுவும் சொல்லவில்லை. எட் என்ற பட்டையை மட்டும் கதவின் நடுவே நிரந்தரமாக ஒட்டிவிட்டு, எது வந்தாலும் அதன் முன்னால் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொன்னேன். ஒலி எப்படி மாறினாலும் வால் இதே இரண்டு எழுத்துதான். சாப்பாட்டு நேரத்தில் அன்றைய நாளை இறந்தகாலத்தில் சொல்ல வேண்டும், வாலை விழுங்காமல். அவள் சொன்னதைவிட நான் விழுங்கியதை அவள் பிடித்ததுதான் அதிகம்.

தோற்றுப்போன இடம் ஒன்று. பிகின், ஓபன். இரண்டும் ஈரசை, இரண்டிலும் கடைசி மூன்று எழுத்து நீலம், சிவப்பு, நீலம். பிகினிங்கில் இரண்டு என், ஓபனிங்கில் ஒன்று. காரணம் அழுத்தம்: பிகினில் இரண்டாம் அசை அழுத்தம் பெறும், ஓபனில் முதல் அசை. புத்தகத்தில் படிக்க எளிது. ஆனால் தமிழில் இப்படி அழுத்தம் வைத்துச் சொல்லைப் பிரிக்கிற வழக்கம் இல்லை, சிங்கப்பூர் ஆங்கிலத்திலும் அசைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே எடையில்தான் விழுகின்றன. தாழ்வாரத்தில் நின்று கீழ்த்தளத்தில் இருக்கும் ஆளைக் கூப்பிடுவதுபோலக் கத்தச் சொன்னேன். "ஓ-பன்!" "பி-கின்!" இரண்டிலும் இரண்டு அசையையும் ஒரே மாதிரி கத்தினாள். எதிர்வீட்டு ஆன்டி கதவைத் திறந்து பார்த்தார். தமிழ் விதியும் இங்கே கைகொடுக்கவில்லை. கடல் கடலில்தான் ஆகும், கடல்லில் ஆகாது. தனிக்குறில் இல்லை என்றால் இரட்டிப்பு இல்லை. அந்தக் கணக்குப்படி ஓபனிங் சரியாக வரும், பிகினிங் வராது.

என் முடிவு: ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அழுத்த விதியைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். தமிழ்க்கணக்கே இருக்கட்டும், ஓரசைச் சொல் மட்டும் இரட்டிக்கும் என்று வைத்துக்கொள்ளட்டும். மீறுகிற சொற்களில் அந்த வயதில் எழுதக்கூடியவை கொஞ்சம்தான். பிகினிங், ஃபர்கெட்டிங், ப்ரிஃபர்ட், அட்மிட்டட். இவற்றைத் தனிப்பட்டையில் எழுதி, இரட்டை எழுத்தைப் பச்சையில் போட்டு ஒட்டிவிட்டேன். மனப்பாடம்.

அதே வாரம் ஒரு கைப்பேசிச் செயலி என் மகளை அழவைத்தது. ட்ரேவலிங் என்பதற்கு அவள் இரண்டு எல் போட்டாள்; செயலி சிவப்புக் காட்டியது. அழுத்தம் முதல் அசையில்தான் இருக்கிறது, ஆகவே ஒரு எல் போதும் என்பது அமெரிக்கக் கணக்கு. நோவா வெப்ஸ்டர் 1828-இல் தம் அகராதியை வெளியிட்டு அமெரிக்க எழுத்துமுறையைத் தனியாகப் பிரித்து நிறுத்தினார். பிரிட்டிஷ் வழக்கத்தில் எல் மட்டும் அழுத்தம் பார்க்காமல் இரட்டிக்கும்: ட்ரேவலிங், கேன்சல்ட், மார்வலஸ். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் பிரிட்டிஷ் எழுத்துமுறைதான். செயலியின் அமைப்புக்குள் போய் மொழியைப் பிரிட்டிஷ் ஆங்கிலம் என்று மாற்றியபின் சரியானது. பயிற்சிப் புத்தகம் வாங்கும்போதும் இப்போது முதலில் கலர் என்ற சொல்லைத் தேடிப் பார்க்கிறேன். அதில் யு இருந்தால் வாங்கலாம்.

ஒரு மாதம் கழித்து மறுபடி நோட்டுகளை எண்ணினேன். சமீபத்திய மூன்று கட்டுரைகளில் வால் பிழை ஐந்து. இரண்டு கமிங், ஒன்று ட்ரூலி (அதில் இ ஏன் ஓடுகிறது என்று எனக்கும் விளக்கத் தெரியவில்லை, லி நீலத்தில்தான் தொடங்குகிறது), ஒன்று ஆர்கியுமென்ட், ஒன்று பஸ். அந்தக் கடைசியைத் தெரிந்தே போட்டாளோ என்று சந்தேகம்.

அம்மா ஊருக்குத் திரும்பும் முன் ஒருநாள் கதவின் முன் நின்று, "இத்தனை சீட்டும் என்னத்துக்குடா ராசா?" என்றார். "நீங்க பேசுறதைத்தான்மா எழுதி ஒட்டியிருக்கேன்" என்றேன். பேத்தி பல், பால் என்று இரண்டு புதுப் பட்டைகளைத் தமிழில் எழுதி ஒட்டி, அவர் கையைப் பிடித்து இல்-லைச் சேர்க்க வைத்தாள். அவர் ல் சதுரத்தைத் தேடினார். அது எங்களிடம் இல்லை. பென்சிலால் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தோம்.

பராமரிப்புக் குறிப்பு: மடக்குப் பட்டைகளில் ஹோப், ரைட் இரண்டும் கிழிந்துவிட்டன, மடிப்புக் கோட்டில்தான். செலோடேப் நான்கு நாள் தாங்கியது. இப்போது பின்பக்கம் துணி டேப் ஒட்டியிருக்கிறேன், மடங்குகிறது, நிற்கிறது. அடுத்து லீஃப், நைஃப் பட்டைகள் வெட்ட வேண்டும், எஃப் மடங்கி வி வரும்படி. ரூஃப் மடங்காது, அதற்குப் பின்னால் முழுக்கக் காந்தம் ஒட்ட வேண்டும்.